பூஜ்யமாவது ஹிஸ்டிடின்

புரதம் என்றால் பயறிலும் பாலிலும் இருப்பது என்று மட்டும் நினைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது ஒரு மணிமாலை. அமினோ அமிலங்கள் என்ற இருபது வகை மணிகளை வரிசையாகக் கோத்து, பிறகு யாரோ கோபத்தில் கசக்கிச் சுருட்டி வைத்தது போல இருக்கும். சுருட்டிய பிறகு, மூன்றாவது மணி நூற்று நாற்பதாவது மணியின் மடியில் உட்கார்ந்திருக்கும். யார் மடியில் யார் என்று பட்டியல் போடுவதற்கு அந்த ஆராய்ச்சி நிறுவனத்தின் இரண்டாவது மாடியில் ஒருத்தி இருந்தாள். நிறுவனத்தில் அவளுக்குப் பெயரே பட்டியல்காரிதான்.

அவள் வேலையில் தாட்சண்யம் கிடையாது. ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிப் பங்காக்கி, அதில் நாலரைப் பங்குக்குள் இரண்டு அமிலங்களின் அணுக்கள் வந்தால் அது தொடுகை. நாலே முக்கால் என்றால் வெறும் அக்கம்பக்கம். ஒரு புரதத்துக்குத் தொள்ளாயிரத்துச் சொச்சம் தொடுகைகள் தேறும். அத்தனையையும் கணினி எண்ணும். கணினி சரியாக எண்ணுகிறதா என்று அவள் எண்ணுவாள். இதை ஆறு வருடமாகத் தற்காலிகமாகச் செய்து வந்தாள். இந்த மாதக் கடைசியோடு நீட்டிப்பு கிடையாது. இயக்குநர் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம், போடாவிட்டால் வீடு.

இயக்குநரை எல்லோரும் பேருரையார் என்பார்கள், அவருக்குக் கேட்காத தூரத்தில். மின்தூக்கி பழுதானாலும் அதைப் பற்றி இருபது நிமிடம் பேசக்கூடியவர். ஆய்வு மேசையைத் தொட்டுப் பதினெட்டு வருடமாகிறது. இரண்டு மாதத்துக்கு முன்னால் அவர் தற்செயலாக ஒரு பட்டியலைப் புரட்டியபோது, அதில் ஒரு வரியில் கண் நின்றுவிட்டது. ஹிஸ்டிடின் என்ற அமிலம், புரதத்தின் நடுப்பள்ளத்துக்குள் கைநீட்டி, நூற்று நாற்பத்தேழாவது மணியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த ஹிஸ்டிடினின் வரிசை எண் பூஜ்யம்.

"பூஜ்யம்!" என்று அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "ஒன்றுக்கு முன்னால் ஒன்று! ஆதியிலிருந்து நீளும் கரம்! இதற்கு முன் யாராவது பார்த்திருக்கிறார்களா?"

"பார்த்த மாதிரி தெரியல சார்," என்றாள் பட்டியல்காரி. உண்மைதான். யாரும் பார்த்திருக்கவில்லை.

"இதற்கு முன்னால் மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு என்றும் இருக்கிறதே?"

"ஆமா சார்."

"அது பாதாளம். அதை அடுத்த உரையில் வைத்துக்கொள்வோம்."

வெள்ளிக்கிழமை மாலை பெரிய அரங்கில் 'பூஜ்யத்தின் கரம்' என்ற சிறப்புரை என்று முடிவாயிற்று. முந்நூறு சுவரொட்டி அடித்தார்கள். அதில் புரதத்தின் படம் கைப்பிடியளவு, இயக்குநரின் படம் கதவளவு. பட்டியல்காரியின் நியமனக் கோப்பைக் காட்டி அவர் சொன்னார்: "உரை முடியட்டும், அம்மா. மேடையிலேயே கையெழுத்திடுகிறேன். கரத்தைப் பற்றிப் பேசிய கரம்!"

இங்கே அவள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே நிறுவனத்தின் கீழ்த்தளத்தில், அந்தப் புரதத்தைக் கிருமியில் வளர்த்து, வடித்து, சுத்தம் செய்து மேலே அனுப்புகிறவள் அவளுடைய நாத்தனார். கணவனின் தங்கை; ஒரே வீடு, ஒரே குளியலறை, ஒரே குளிர்பெட்டி. அந்தக் குளிர்பெட்டியில்தான் வினை. பெயரும் தேதியும் ஒட்டாத டப்பா எதையும் குப்பையில் போட வேண்டும் என்பது ஆய்வகச் சட்டம். மூன்று மாதத்துக்கு முன்னால் பட்டியல்காரி அந்தச் சட்டத்தை வீட்டிலும் அமல்படுத்தினாள். கெட்டுப்போன குழம்பு என்று அவள் கொட்டியது நாத்தனாரின் முகப்பூச்சு. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. நடுவில் இருந்த கணவன் மனிதத் தந்திக் கம்பியாக வாழ்ந்துவந்தான்.

புதன்கிழமை சாயங்காலம் அவன் சாப்பாட்டு மேசையில் மனைவி கொண்டுவந்த சுவரொட்டியை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலை முடிந்து வந்த நாத்தனார் செருப்பைக் கழற்றும்போதே அதைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணா, இது என்ன?"

"உங்க இயக்குநரோட கண்டுபிடிப்பு. உங்க அண்ணியோட பட்டியல்ல இருந்து."

நாத்தனார் குனிந்து படத்தைப் பார்த்தாள். பூஜ்யத்துக்கும் அதற்கு முன்னால் இருந்த இரண்டு மணிகளுக்கும் சிவப்பு வண்ணம் கொடுத்து, பக்கத்தில் பெயர் போட்டிருந்தார்கள்: கிளைசின், செரின், ஹிஸ்டிடின். அவள் ஒரு தடவை இருமினாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

"அண்ணா, அண்ணிகிட்ட சொல்லு. இது என்னோட மிச்சம்னு சொல்லு."

"அவளோட மிச்சமாம்," என்றான் அவன், மூன்றடி தள்ளி நின்ற மனைவியிடம்.

"எனக்குக் காது கேக்குது. என்ன மிச்சம்னு கேளுங்க."

"என்ன மிச்சமாம்?"

"வாலோட மிச்சம்! கிருமிக்குள்ள ஆயிரம் புரதம் கிடக்கும். நம்மளோடதை மட்டும் எப்படிப் பிடிச்சு வெளில எடுக்கறது? அதுக்குத்தான் முன்னாடி ஒரு வால் கட்டி விடறோம். நிக்கல் பூசின பொடிக் குண்டுல அது போய் ஒட்டிக்கும். இழுத்து எடுத்ததும் வாலை வெட்டிடுவோம். வெட்டற இடம் எப்பவும் ஒண்ணுதான். மூணு மணி ஒட்டிட்டு நிக்கும். கிளைசின், செரின், ஹிஸ்டிடின். புதுச் சட்டையில விலைச்சீட்டு கட்டின நூலு மிச்சம் நிக்குமே, அந்த மாதிரி. அது போய்ப் பள்ளத்துல மாட்டியிருக்கு. அதுக்குப் போய் ஆதி கரமாம்!"

கணவன் இதைத் திருப்பிச் சொல்ல வாயெடுத்தான். பட்டியல்காரி அவனைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள்.

"ஏய், இதை ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நான்தான் உங்ககூடப் பேசறதில்லையே! கூட அனுப்பின காகிதத்துல எழுதியிருக்கேனே. நீங்க எங்க படிச்சீங்க? பேர் ஒட்டலைன்னா குப்பை. பேர் ஒட்டினா மட்டும் படிச்சிருவீங்களாக்கும்?"

பட்டியல்காரி சுவரொட்டியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

வியாழன் காலை முதல் வேலையாகத் தன் நிரலைத் திறந்தாள். அவள் பயந்தது அங்கேயே இருந்தது. புரதத்தைப் படிகமாக்கி வடிவம் எடுக்கும் படிகக்காரர்கள் கொடுத்த கோப்பில் மணிகளின் எண், புத்தகத்தில் இருப்பதைவிட மூன்று கூடுதலாக வந்திருந்தது. அவள் கைப்பட ஒரு வரி எழுதியிருந்தாள்: 'எல்லா எண்ணிலும் மூன்று கழி.' பக்கத்தில் ஒரு குறிப்பு: 'ஏன் மூன்று? பிறகு பார்.' கழித்ததில் புரதத்தின் சொந்த மணிகள் ஒன்றிலிருந்து ஒழுங்காக நின்றன. ஒட்டிக்கொண்டு வந்த மூன்றும் பூஜ்யத்துக்கும் அதற்குக் கீழேயும் போய் நின்றன. பூஜ்யத்தைப் பிரசவித்தது பிரபஞ்சம் இல்லை, அவள்தான்.

பகல் முழுக்க இதே புரதத்தை வேறு ஆய்வகங்கள் எடுத்த வடிவங்களில் தேடினாள். வால் கட்டாமல் எடுத்தவை நான்கு இருந்தன. நான்கிலும் அந்தப் பள்ளத்தில் கரமும் இல்லை, விரலும் இல்லை. தண்ணீர் இருந்தது.

சொல்லாமல் இருந்தால் நாளைக்கு மேடையிலேயே நிரந்தரம். சொன்னால், கழித்தது தான்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாடிப்படியில் மூன்று தடவை ஏறி இறங்கினாள். நான்காவது தடவை இயக்குநரின் கதவைத் தட்டினாள்.

அவர் காலி நாற்காலிகளுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். "ஆதியிலே எண் இல்லை..."

"சார், அந்தப் பூஜ்யம் நம்ம புரதத்தோடது இல்ல."

"பூஜ்யம் யாருடையதும் இல்லை, அம்மா. அது பிரபஞ்சத்தினுடையது."

"இல்ல சார். அது கீழ்த்தளத்தோடது."

எல்லாவற்றையும் சொன்னாள். வாலையும், வெட்டியதையும், மூன்றையும், தண்ணீரையும். "மூணு கழிச்சது நான்தான் சார். ஏன்னு அப்புறம் பாக்கலாம்னு விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்."

பேருரையார் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். அந்த நிறுவன வரலாற்றில் அது ஒரு சாதனை. பிறகு மேசைமேல் இருந்த அவளுடைய கோப்பை எடுத்து, மெதுவாக இழுப்பறைக்குள் வைத்தார்.

"இதைப் பிறகு பார்ப்போம்."

பிறகு பார்ப்பது என்றால் என்ன என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? அவள் கிளம்பத் திரும்பினாள்.

"நில்லுமா." அவருடைய செந்தமிழ் எங்கேயோ போய்விட்டிருந்தது. "இது வேற யாருக்குத் தெரியும்?"

"என் நாத்தனாருக்குத் தெரியும் சார். அவதான் கண்டுபிடிச்சா."

"வெளில பேசிருவாங்களா?"

பட்டியல்காரி யோசித்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"எங்கிட்டதான் சார் மூணு மாசமாப் பேசாம இருந்தா. மத்தபடி எல்லார்கிட்டயும் பேசுவா."

அவள் தகவலாகத்தான் சொன்னாள். அவர் அதை மிரட்டலாகக் கேட்டுக்கொண்டார். இழுப்பறை திறந்தது. கோப்பு வெளியே வந்தது. பேனா மூடி கழன்றது.

"ஆறு வருஷமா உழைக்கிற பொண்ணு. இதை எல்லாம் மேடையில வெச்சு செய்யணுமா என்ன? சின்னத்தனம். இந்தா. அவங்களையும் கேட்டதாச் சொல்லு. அந்தக் கீழ்த்தளத்துல மின்விசிறி இல்லைன்னு எழுதிக்கிட்டே இருந்தாங்களே, ரெண்டு போடச் சொல்றேன்."

படி இறங்கும்போதுதான் நடந்தது என்ன என்று அவளுக்குப் புரிந்தது. திரும்பிப் போய் விளக்கலாமா என்று ஒரு கணம் நின்றாள். கால் அதுபாட்டுக்கு இறங்கியது.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. சுவரொட்டிகளில் 'பூஜ்யத்தின் கரம்' என்பதன்மேல் இரவோடு இரவாக ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தார்கள்: 'பூஜ்யத்தின் மாயை'. பேருரையார் மேடையில் ஏறி, திரையில் அந்தச் சிவப்பு மணிகளைக் காட்டி, கொஞ்ச நேரம் அவற்றைக் கண்டிப்போடு பார்த்தார்.

"இதைப் பார்த்து ஒரு சாதாரண விஞ்ஞானி என்ன நினைப்பான்? ஆதி கரம் என்று நினைப்பான்! ஆனால் எனக்கு முதல் நாளிலிருந்தே இந்தப் பூஜ்யத்தின் மேல் ஒரு கண் இருந்தது. இந்த எண் ஏன், இந்தக் கை யாருடையது என்று இரண்டு மாதம் நான் தூங்கவில்லை..."

கைதட்டல் எழுந்தது. நான்காவது வரிசையில் பட்டியல்காரியும் நாத்தனாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனாரின் மூக்கு சிவந்துவிட்டது.

"அண்ணி, கேட்டீங்களா? இவர் தூங்கலையாம்! வாலைக் கட்டினது நானு, வெட்டினது நானு, வலையில விழுந்தது நீங்க. இவருக்கு எதுக்குக் கைதட்டு?"

"மெல்லப் பேசு."

"கேள்வி நேரம் வருமில்ல? எழுந்து நின்னு ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். ஒண்ணே ஒண்ணு."

மேடையில் பேருரையார் உண்மையைத் தேடி நடந்த தனிமைப் பயணத்தின் மூன்றாம் கட்டத்தில் இருந்தார். நாத்தனார் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழுந்தாள். பட்டியல்காரி அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து ஒரே இழுப்பாக உட்கார வைத்தாள்.

"உக்காருடி! கையெழுத்துதான் ஆயிருக்கு. முத்திரை போடற ஆளு லீவு. திங்கக்கிழமைதான் வராரு."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"திங்கக்கிழமை எத்தனை மணிக்கு?"

"பத்து."

"பத்தே காலுக்கு எங்க சொல்லலாம்?"

"கேன்டீன்ல," என்றாள் பட்டியல்காரி, மேடையைப் பார்த்துக் கைதட்டியபடியே. "அங்கதான் கூட்டம் இருக்கும்."