முதலில் போட்ட கோட்டு

கோபுரத்தின் முப்பத்தெட்டாவது மாடியில், ஊரே கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு நகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அம்மா மட்டும் தனக்கு முன்னால் நின்ற ஒரு பெண்ணின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே ஆறு தெரிந்தது, பாலங்கள் தெரிந்தன, தீப்பெட்டி தீப்பெட்டியாகப் பேருந்துகள் நகர்ந்தன. சின்னவள் ஒவ்வொன்றையும் விரலால் குத்திக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். அம்மாவோ மூத்தவளின் முழங்கையைப் பிடித்து இழுத்து, காதோரமாகக் குனிந்தாள்.

"ஏய், அந்தம்மா முதுகுல தையல் எப்படி இழுக்குது பாரு. ஒரு தடவ கைய நீட்டினா போதும், பிரிஞ்சிடும்."

"அம்மா, மெதுவாப் பேசு. கேக்கப் போகுது."

"கேட்டா நல்லதுதானே? தச்சவன்கிட்ட திருப்பிக் குடுத்து வாங்கிப்பா."

அப்பா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "உங்கம்மாவுக்கு மேல வர டிக்கெட் எடுத்தது தண்டம். கீழயே உக்கார வச்சு நாலு பேரு முதுகக் காட்டியிருந்தா பொழுது போயிருக்கும்." அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வருடம் முழுக்க முப்பது பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுக் கேட்டு, எதற்கும் கோபப்படாமல் கேலி செய்தே காலத்தை ஓட்டக் கற்றுக்கொண்டவர். சின்னவள் சிரித்தாள். மூத்தவளும் சிரித்தாள், ஆனால் அந்தப் பெண் திரும்பிப் பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். அம்மாவின் கண் அப்படி. அவர்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையின் மாடிப்படிக்கு அடியில், ஆள் நிமிர்ந்தால் தலையில் இடிக்கும் இடத்தில், ஒரு தையல் மிஷினும் முக்காலியும் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ரெடிமேட் துணியைப் பிடித்துக் கொடுப்பது, நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது. பதினாறு வருடமாக அதே படிக்கட்டு, அதே முக்காலி. அந்த மிஷின் ஓடிய ஓட்டத்தில்தான் மூத்தவள் படித்து முடித்தாள், இந்த நகரத்தில் வேலையும் வாங்கினாள். திங்கட்கிழமை சேர வேண்டும். வாடிக்கையாளர்களை நேரில் பார்க்கிற வேலை என்பதால் கோட்டுப் போட்டுத்தான் வர வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். கடிதத்தைப் படித்ததும் அம்மா அளவு டேப்பை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "வேணாம்மா. நீ தச்சா தச்சது மாதிரி இருக்கும்" என்றாள் மூத்தவள். அம்மா டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "அதுவும் சரிதான், அந்த மாதிரி துணி இங்க எங்க கெடைக்குது" என்று தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டாள். அப்படித்தான் கோட்டு வாங்குகிற சாக்கில் நகரத்தையும் சுற்றிப் பார்த்துவிடலாம் என்று நான்கு பேரும் கிளம்பினார்கள்.

இன்னொரு சங்கதியும் உண்டு. நேர்முகத் தேர்வில், இனிமேல் அவளுக்கு மேலதிகாரியாக வரப்போகும் மேடம், பேச்சோடு பேச்சாக, "அம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டிருந்தார். "ஃபேஷன் டிசைனிங்ல இருக்காங்க மேடம்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. வீட்டுக்கு வந்து அதை ஒரு பெரிய ஜோக்காகச் சொன்னாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மாதான் அதிகம் சிரித்தாள். ஒரு வாரம் வரைக்கும், பாவாடைக்கு நாடா கோத்துக் கொடுக்கும்போதெல்லாம், "டிசைனர் வேலை நடக்குது, தொந்தரவு பண்ணாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோபுரத்தின் வாசலில் பையைச் சோதித்தவர்கள் அம்மாவின் சின்னக் கத்தரிக்கோலை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்திருந்தார்கள். இறங்கியபோது வேறு வாசல் வழியாக வெளியே வந்துவிட்டதால் அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கோட்டு வாங்கப் பக்கத்திலிருந்த பெரிய துணிக்கடையின் மூன்றாவது மாடிக்குப் போன பிறகுதான் அம்மா பையைத் துழாவி, "என் கத்தரி!" என்றாள். "போறப்ப வாங்கிக்கலாம்மா, இப்ப அது எதுக்கு?" என்றாள் மூத்தவள். அப்பாவும் சின்னவளும் வெளியே நீரூற்றுப் பக்கம் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லிவிட்டுக் கழன்றுகொண்டார்கள். துணிக்கடைக்குள் அம்மாவோடு போவதைவிட, வேனில் முப்பது பிள்ளைகளோடு பஞ்சரான டயரை மாற்றலாம் என்பது அப்பாவின் கட்சி.

முதல் கோட்டைப் போட்டுக்கொண்டு மூத்தவள் கண்ணாடி முன் வந்து நின்றபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுவே அதிசயம். தோளை ஒரு விரலால் தொட்டாள், இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள், ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கடைசியில், "மவராசனா இருக்கணும், எவனோ ஒழுங்கா வெட்டியிருக்கான்" என்றாள். தெரியாதவன் தைத்த துணிக்கு அம்மா அதற்குமேல் பாராட்டுச் சொல்லி யாரும் கேட்டதில்லை. இருந்தாலும் ஒரு அளவு பெரியதையும் போட்டுப் பார்த்துவிடுகிறேன் என்று மூத்தவள் உடை மாற்றும் அறைக்குள் போனாள். கழற்றிய கோட்டை வாசலில் இருந்த கொக்கியில் மாட்டினாள்.

அங்கேதான் அம்மா அதைப் பார்த்திருக்கிறாள். கோட்டின் பின்பக்கம், கீழே நடக்க வாகாக விடும் வெட்டு இருக்குமே, அது விரிந்துவிடாமல் வெள்ளை நூலால் பெருக்கல் குறி மாதிரி ஒரு ஒட்டுத் தையல் போட்டிருந்தது. புதுக் கோட்டுக்கெல்லாம் அப்படித்தான் வரும், வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய்ப் பிரித்துக்கொள்வார்கள். ஆனால் ஊரில் அம்மாவின் படிக்கட்டுக்கு அடியில் ஒரு சட்டம் இருந்தது. ஒட்டுத் தையலோடு ஒரு துணி கண்ணாடி முன்னால் போய் நின்றால், அது தைத்தவளுக்கு மானக்கேடு. அவளுடைய பதினாறு வருடத்தில் அப்படி ஒரு துணி அந்தக் கடையின் கண்ணாடியைப் பார்த்ததில்லை. கடைக்காரர்கள் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள், பாவம் என்றுதான் நினைத்தாள். கத்தரி இல்லை. பல் இருந்தது.

மூத்தவள் இரண்டாவது கோட்டோடு வெளியே வந்தபோது, கண்ணாடிக்குப் பக்கத்தில் அந்த மேடம் நின்றிருந்தார். கையில் இரண்டு பைகள்.

"அட, திங்கக்கிழமை சேரப் போற பொண்ணுதானே நீ? கோட்டு வாங்க வந்தியா?"

"ஆமா மேடம். வணக்கம் மேடம்."

அடுத்த வார்த்தை வருவதற்குள் பின்னாலிருந்து கடைப்பெண்ணின் குரல் கேட்டது. "என்னங்க பண்றீங்க? கோட்ட எதுக்குங்க கடிக்கிறீங்க?"

கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது. அம்மா தரையில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, கோட்டின் ஓரத்தை வாயருகே பிடித்திருந்தாள். உதட்டில் வெள்ளை நூல். "கடிக்கலம்மா, ஒட்டுத் தையலப் பிரிக்காம மாட்டி வச்சிருக்கீங்க. உங்களுக்கு ஒரு வேல மிச்சம்னு..." என்று சிரித்தபடியே எழுந்தாள். "அத நீங்க எப்படிங்க பிரிக்கலாம்? பிரிச்சா போட்டுப் பழசான துணின்னு யாரும் வாங்க மாட்டாங்க. எச்சில் வேற பண்ணி வச்சிருக்கீங்க!" அந்தப் பெண்ணின் குரல் ஏறியது. துணி புரட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். காவலாளி வந்தார். மரியாதையாகத்தான் கேட்டார். "யார் கூடம்மா வந்திருக்கீங்க?"

அம்மா திரும்பினாள். கண்ணாடிக்குள் இருவர் கண்ணும் சந்தித்தன. உதட்டிலிருந்த சிரிப்பை அம்மா இன்னும் எடுக்கவில்லை. மகள் இருக்கிறாள், படித்தவள், ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகிற சமாச்சாரம் என்ற தெம்பு அதில் இருந்தது. எங்கம்மாதான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"யாரோ பாவம்" என்றார் மேடம், குரலைத் தாழ்த்தி. "நீ தனியாவா வந்தே?"

"ஃப்ரெண்டோட வந்தேன் மேடம். கீழ இருக்கா."

கீழே இருக்கிறாள் என்பதை யாரும் கேட்கவில்லை. அவளாகத்தான் சேர்த்தாள். சேர்த்த பிறகு காதும் கன்னமும் கொதித்தன. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? ஆனாலும் அவள் கண்ணாடியை விட்டுப் பார்வையை எடுத்து, கோட்டின் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள்.

"யாரும் இல்லீங்க" என்று அம்மா காவலாளியிடம் சொல்வது கேட்டது. "தனியாத்தான் வந்தேன். சும்மா பாத்துட்டுப் போலாம்னு. தப்புத்தான், மன்னிச்சிருங்க."

காவலாளி வழி காட்ட, அம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். வாசலுக்குப் போக இவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போனவள் ஒரு நொடி நின்றாள். மூத்தவளின் தோளையே பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க. இது உங்களுக்குத் தோள்ல தொங்குது. மொதல்ல போட்டீங்களே, அதுதான் எடுப்பா இருந்துச்சு."

போய்விட்டாள். இருபத்திரண்டு வருடமாக அடியே என்றும் கழுதை என்றும் கண்ணு என்றும் கூப்பிட்ட வாய். காய்ச்சலில் கிடந்தாலும், கோபத்தில் அடித்தாலும், 'போட்டீங்களே' என்று அது சொன்னதில்லை. மேடம் சிரித்தார். "பரவாயில்லையே, டெய்லர் மாதிரி கரெக்டாச் சொல்றாங்க. தோள் பெருசுதான். சரி, உனக்கு என்ன கவலை, உங்கம்மாகிட்டக் காட்டினா சொல்லிடுவாங்க. டிசைனராச்சே!" மூத்தவள் தலையை ஆட்டினாள். சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்பைத்தான் பிறகு எப்போது நினைத்தாலும் அவளால் தாங்க முடியவில்லை.

மேடம் அடுத்த பிரிவுக்கு நகரும்வரை காத்திருந்துவிட்டு, கடைப்பெண்ணிடம் போய் முதல் கோட்டையே கேட்டாள். "அது அந்தம்மா கடிச்சதுங்க, வேற எடுத்துத் தரேன்" என்றாள் அவள். இப்போது பக்கத்தில் யாருமில்லை. இந்தப் பெண்ணிடமாவது சொல்லிவிடலாம். திங்கட்கிழமை இவள் எங்கே, நான் எங்கே? சொன்னால் ஒன்றும் குடி முழுகிவிடாது. "பரவால்ல, அதையே குடுங்க" என்று மட்டும் சொன்னாள். அப்போதும் வரவில்லை. நான் இப்படிப்பட்டவள்தானா என்று படியிறங்கும்போது தன்னையே கேட்டாள். ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை.

நீரூற்றுக்குப் பக்கத்தில் மூவரும் சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரித்து வைத்துக் காத்திருந்தார்கள். "என்னடி, உங்கம்மாவ மட்டும் மொதல்ல அனுப்பிட்ட? மூச்சு முட்டுதுன்னு ஓடி வந்துட்டா" என்றார் அப்பா. "துணிக்கடையில இவளுக்கு மூச்சு முட்டிச்சுன்னா, மீனுக்குத் தண்ணியில முட்டின கதைதான்." அம்மாவும் சிரித்தாள். பையை வாங்கிக் கோட்டை மடியில் விரித்தாள். பின்பக்கத்தைத் திருப்பி, நூல் இருந்த இடத்தில் தெரிந்த ஊசித் துளைகளைக் கட்டைவிரல் நகத்தால் நீவிவிட்டாள்.

"இதையா வாங்கின?"

"நீதானேம்மா சொன்ன."

அம்மாவின் விரல் நின்றது. "ஆமா. சொன்னேன்" என்றாள்.

"எப்ப சொன்ன? நீதான் இங்க வந்துட்டியே?" என்று சின்னவள் கேட்டாள். அவளுக்கு எல்லாவற்றிலும் ஒரு வக்கீல் கேள்வி இருக்கும். "போட்டதுமே தெரிஞ்சிடுச்சு, அதுக்கு என்ன நேரம் காலம்? நீ சாப்பிடு." மூத்தவள், "அம்மா..." என்று ஆரம்பித்தாள். "நீயும் மொதல்ல சாப்பிடு. காலைலேர்ந்து வெறும் வயிறு" என்று அம்மா அவள் கையில் பொட்டலத்தை வைத்தாள். மூத்தவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அம்மா திட்டியிருந்தால், நாலு பேர் பார்க்க ஒரு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாப்பிட்டு முடித்ததும், கோட்டைப் போட்டுக்கொண்டு வா, கோபுரம் தெரிய ஒரு போட்டோ எடுக்கலாம் என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார். வழியில் போன ஒரு பெண்ணிடம் போனைக் கொடுத்தார். அப்பா நடுவில், இரண்டு பக்கமும் மகள்கள். அம்மா சாப்பாட்டுக் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு நாலடி தள்ளியே நின்றிருந்தாள். போன் வைத்திருந்த பெண் அம்மாவைப் பார்த்தாள், இவர்களைப் பார்த்தாள்.

"அவங்களும் உங்க கூட வந்தவங்களா?"

"எங்கம்மா!" என்றாள் மூத்தவள். "அவங்க எங்கம்மா!"

தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. நீரூற்றைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவளுக்கே தெரிந்தது. இங்கே யாருக்கு வேண்டும் அது? அப்பா, "ஏண்டி, காணாமப் போனவளக் கண்டுபிடிச்ச மாதிரி கத்துற!" என்று சிரித்தார். அம்மா ஓடி வந்து பக்கத்தில் நின்றாள். கோட்டின் தோளைப் பிடித்து நேராக இழுத்துவிட்டாள். பிறகு அவள் காதில் மட்டும் விழும்படி சொன்னாள்.

"சத்தம் போடாதடி. உன் மேடம் இன்னும் உள்ளதான் இருக்காங்க."

அந்தப் பெண் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் படம் எடுத்துக் கொடுத்தாள். படத்தில் பின்னால் கோபுரம் முழுதாக விழுந்திருந்தது. அப்பா பல் தெரியச் சிரித்திருந்தார், சின்னவள் இரண்டு விரலைக் காட்டியிருந்தாள், புதுக் கோட்டில் மூத்தவளின் கண்கள் மட்டும் கலங்கியிருந்தன. அம்மாவின் முகம் பாதிதான் தெரிந்தது. தோளில் ஒரு வெள்ளை நூல் ஒட்டியிருக்க, கழுத்தைத் திருப்பி, யாராவது வெளியே வருகிறார்களா என்று அவள் கடையின் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.