கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணன்

கதவு தட்டப்பட்ட விதத்திலேயே, வந்திருப்பது அண்ணன் என்று லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரிந்துவிட்டது. மூன்று தட்டு, பிறகு உள்ளங்கையால் ஓர் அறை. அவன் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். ஏழாம் மாதமே பிறந்த பெண். நாற்பத்தொரு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. "ஊரெல்லாம் தொற்று. இவளுக்கு வந்தா தாங்க மாட்டா. நீங்க ரெண்டு பேரும்தான் வேலி" என்று சொல்லி அனுப்பியிருந்தார் டாக்டரம்மா. அன்றிலிருந்து வேலை முடிந்து வந்தால் சட்டையை வாசல் வாளியிலேயே முக்கிவிட்டு, குளித்த பிறகுதான் மகளைத் தொடுவான். வெளியாள் யாருக்கும் வீட்டுக்குள் இடமில்லை.

ஆனால் அண்ணன் வெளியாளா? அப்பா போன பிறகு, தான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு டிப்போவில் பஸ் கழுவி, தம்பியைப் படிக்க வைத்தவர். இன்று அதே டிப்போவில் டிரைவர். அவர் எதிரில் அவன் உட்கார்ந்து பேசியதுகூட இல்லை.

மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, சங்கிலி விட்ட அளவுக்குக் கதவைத் திறந்தான். அண்ணனின் மாஸ்க் தாடைக்குக் கீழே கிடந்தது. கையில் ஒரு துணி யானை.

"நகருடா. எங்க என் மகாராணி?" சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பி இருமினார். "ஒண்ணுமில்ல, டீசல் புகை."

"தூரத்துல நின்னு பாத்துட்டுப் போகட்டுமே. மனசு நொந்துடுவாரு" என்று பின்னாலிருந்து மனைவி முணுமுணுத்தாள். ஆனால் குழந்தையைத் தோளிலிருந்து இறக்கி மார்போடு இறுக்கியிருந்தாள். அவன் அதைப் பார்த்தான்.

"அண்ணே, உள்ள வராதீங்க."

"என்னது?"

"இப்ப யாரும் வேண்டாம்ணே."

"யாரும்னா? நானும் யாரோவா?"

"நீங்களும்தாண்ணே."

"வளத்த கடா மார்ல பாயுது" என்றார் அண்ணன், கோபம்கூட இல்லாமல். யானையைப் படியில் வைத்துவிட்டு இறங்கினார். நான்கு மாடிக்கும் செருப்புச் சத்தம் கேட்டது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்து நன்றி கெட்டவன் என்றார்கள்.

ஐந்தாம் நாள் அண்ணி அழைத்தாள். அண்ணனுக்குத் தொற்று உறுதியாகிவிட்டது, ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். பழுது பார்த்துக்கொண்டிருந்த லிஃப்டின் கூரைமேல், எண்ணெய்க் கையோடு அப்படியே உட்கார்ந்து அழுதான். காலையும் மாலையும் மகளின் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் இல்லை. இல்லவே இல்லை.

ஒன்பதாம் நாள் அண்ணனே பேசினார். மூச்சு வாங்கியது.

"டேய், பாப்பாவுக்கு ஏதாவது..."

"நல்லா இருக்காண்ணே. முந்நூறு கிராம் கூடியிருக்கா."

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. "அன்னிக்கு நீ கதவத் தொறந்திருந்தா, நான் பொழச்சும் பிரயோஜனமில்லடா. நான் வளத்தது வீண் போகல."

அடுத்த மாதம் ஒரு மத்தியானம், கட்டடத்துக்குக் கீழே பஸ் ஹாரன் விடாமல் அலறியது. அவன் மகளைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடினான். டிரைவர் சன்னலில் அண்ணன், இளைத்துப்போய், கண்வரை மாஸ்க்.

"மேல வாங்கண்ணே!"

"போடா! டாக்டரம்மா சொல்லட்டும், அப்புறம் வரேன்!"

ஹாரனுக்கு மிரண்ட குழந்தை முகத்தைச் சுளித்து வீறிட்டது. தெருவே நிமிர்ந்து பார்த்தது. "எங்க வீட்டுப் பொண்ணு!" என்று அண்ணன் பஸ்ஸுக்குள் திரும்பிக் கத்தினார். இருக்கைக்கு ஒருவராக உட்கார்ந்திருந்த பயணிகள் கண்ணாடிகளைத் தள்ளித் திறந்தார்கள். பஸ்ஸின் முன்னிருந்து பின்வரை, சன்னல் சன்னலாகக் கைகள் வெளியே நீண்டு ஆடின.