முதல் திரி

தொலைபேசியை வைத்த பிறகும் மேஜர் டென்சில் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

பெங்களூர் அல்சூரில் அந்தக் கல்யாண மண்டபத்தின் அலுவலக அறை மிகச் சிறியது. பீரோவை ஒட்டித் தரையில் உட்கார்ந்து தாரணி பன்னீர்ச் செம்பை நிரப்பிக்கொண்டிருந்தாள். அவள் அங்கே இருப்பதே யாருக்கும் நினைவில்லை. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு, பீன்யாவில் முலாம் பூசும் ஆலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கேயும் அவளை இப்படித்தான் மறந்துவிடுவார்கள். அவளுக்கு அது சௌகரியமாகவே இருந்தது.

"யாரு சார் போன்ல? எம்.எல்.ஏ. கெளம்பிட்டாராமா?" என்றார் சண்முகம். ஏரிக்கரை சேவைக் கழகத்தின் செயலாளர். கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருப்பவர்.

மேஜர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நாயக் ஜெயராமன். போயிட்டான். கார்கில்ல, மலை மேல."

சண்முகத்துக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. "யாரு... நம்ம ருக்கு வீட்டுக்காரரா?"

"சொல்றதுக்கு ஆபீசர் அவ வீட்டுக்கே போயிருக்கார். வீடு பூட்டியிருக்கு. பக்கத்து வீட்டுல, மண்டபத்துக்குப் போயிருக்கான்னு சொல்லியிருக்காங்க. இங்க வரட்டுமான்னு கேட்டார். வேண்டாம், வாசல்லயே இருங்க, நான் அனுப்பி வைக்கிறேன்னேன்." மேஜர் ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டார். "இத்தனை பேர் நடுவுல சொல்ற விஷயமா மேன் இது? அவ வீட்டுல, அவளை உக்கார வெச்சு, ஆர்மிக்காரன் சொல்லணும். அதான் முறை. அதுவரைக்கும் நாம யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

கதவோரம் நின்றிருந்த ஜெயலட்சுமி, சண்முகத்தின் மனைவி, கையிலிருந்த குங்குமத் தட்டை மேஜைமேல் வைத்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"இனிமே அவளை எப்படிங்க விளக்கேத்த வைக்கிறது?"



ஜூன் மாதம் எல்லையில் சண்டை மும்முரமானபோது, போர்வீரர் குடும்பங்களுக்காக இசை நிகழ்ச்சி நடத்திப் பணம் திரட்டுவது என்று கழகம் முடிவு செய்தது. கழகத்தின் விழா எதுவானாலும் தொடக்கம் ஒரே மாதிரிதான். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரியும் கழகத் தலைவருமான மேஜர் முதலில் மணியை அடிப்பார். போரில் இறந்தவர்களுக்காக இரண்டு நிமிட மௌனம். பிறகு மறுபடி மணி, குத்துவிளக்கு. அந்த மௌனத்தில் யாரும் நடக்கக் கூடாது, பேசக் கூடாது. போன வருஷம் ஒரு டாக்டரின் பேஜர் கூவியதற்கு, மணி அடித்த கையோடு மேடையிலேயே அபராதம் வசூலித்தார் மேஜர். அவர் மௌனத்தை மதிக்காதவர்கள்கூட அதற்குப் பயந்தார்கள்.

இந்த முறை விளக்கை இலங்கைக்குப் போய்த் திரும்பாத ஒரு சிப்பாயின் மனைவி ஏற்றட்டும் என்றுதான் மேஜர் முதலில் சொன்னார். மகளிர் அணி ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்களுக்குச் சால்வை போடுவோம் சார், மாலை போடுவோம். ஆனா விளக்கு மங்கல காரியமாச்சே" என்றாள் அணித் தலைவி ஜெயலட்சுமி. பேச்சு வளர்ந்தது. கடைசியில் மேஜர் விட்டுக்கொடுத்தார். புருஷன் எல்லையில் இருக்கிற ஒரு சுமங்கலியைத் தேடினார்கள். மர்ஃபி டவுனில் ருக்கு கிடைத்தாள். வெற்றிலைபாக்கு வைத்து அவளை அழைத்துவிட்டு வந்தவள் அணியில் சேர்ந்திருந்த தாரணிதான்.

"நான் கூட்டிட்டுப் போக முடியாது" என்றார் மேஜர். "இந்த மெடலையும் என் மூஞ்சியையும் பார்த்தாலே கண்டுபிடிச்சிடுவா. சோல்ஜர் பொண்டாட்டி மேன் அவ."

"ஐயோ, வெளிய சேரெல்லாம் நெறைஞ்சிடுச்சு" என்றார் சண்முகம். "விஷயம் கசிஞ்சா கூட்டமே அவளைச் சுத்திக்கும். யாராவது லேடீஸ் நைஸா கூட்டிட்டுப் போனா..."

அப்போதுதான் ஜெயலட்சுமி பீரோ பக்கம் திரும்பினாள். "தாரணி! நீ இங்கயா இருந்தே?"

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். தாரணி எழுந்து நின்றாள்.

"ஜெனரேட்டர் ரிப்பேர், பங்ஷன் லேட்டாகும், வீட்டுக்குப் போயிட்டு அப்புறமா வரலாம்னு சொல்லு" என்றார் சண்முகம். "ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டுப் போ. உங்கிட்டதான் அவ நல்லாப் பேசறா."

"பொய் சொல்லணுமா சார்?"

மேஜர் அவள் தோளுக்கு மேலாகச் சுவரைப் பார்த்தபடி சொன்னார். "உண்மையைச் சொல்ற உரிமை நமக்கு இல்லம்மா."

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் தபலாவைத் தட்டிச் சுதி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ருக்கு முதல் வரிசையில், ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கத்தரிப்பூ நிறப் பட்டுப்புடவை. தலை கொள்ளாத மல்லிகை.

"வா கண்ணு, வா. அந்த ஃபேனைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பச் சொல்லேன். நான் ஏத்தி வெக்கறதுக்குள்ள ஊதி அணைச்சிடும் போலருக்கு. அப்புறம் அந்த மனுஷன் லீவுல வந்து, 'ஒரு வெளக்கேத்தத் துப்பில்ல, உன்னைப் போய் மேடையில ஏத்துனாங்களே'ன்னு ஊரு பூரா சொல்லிச் சிரிப்பாரு."

தாரணி பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டிய வாக்கியம் தொண்டையில் தயாராக இருந்தது. அதைத் தவிர வேறு எல்லாம் வாய்க்கு வந்துவிடும் போலிருந்தது.

"அக்கா, ஜெனரேட்டர் ரிப்பேராம். லேட்டாகுமாம். வீட்டுக்குப் போயிட்டு..."

ருக்கு அண்ணாந்து பார்த்தாள். கூரையில் அத்தனை விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. "இது கரண்டு இல்லாம எரியுதாக்கும்?" என்று சிரித்தாள். "யாரு, சண்முகம் சாரு அனுப்பிச்சாரா? அவருக்கு நேத்துலேர்ந்தே படபடப்பு. 'இவரு யாவாகலூ ஹீகேனா', எப்பவும் இப்படித்தானான்னு, வாசல்ல கன்னடக்காரம்மா ஒருத்தங்க சிரிச்சுட்டுப் போனாங்க. நீ சும்மா உக்காரு."

தாரணி உட்கார்ந்திருந்தாள். எழுந்து வா அக்கா என்று கையைப் பிடித்து இழுத்தால் என்ன? இழுத்தால் ஏன் என்று கேட்பாள். கேட்டால்?

அதற்குள் ஜெயலட்சுமி குங்குமத் தட்டோடு வந்துவிட்டாள். விருந்தினர்களுக்குச் சந்தனம், குங்குமம், பூ கொடுப்பது அவள் வேலை. அழுத முகத்தைக் கழுவிப் பவுடர் போட்டிருந்தாள். முதல் வரிசையின் மறுகோடியிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொருவர் முன்னாலும் தட்டு நின்றது, தாழ்ந்தது, நகர்ந்தது. பெண்களுக்கு ஒரு துண்டு பூ.

வேறு பக்கம் போய்விடுங்கள் ஆன்ட்டி என்று தாரணி மனசுக்குள் கெஞ்சினாள்.

ருக்கு சிரித்த முகத்தோடு மோதிரவிரலை நீட்டினாள். தட்டு அவளை நோக்கித் தாழ்ந்தது. பிறகு பாதியில் நின்று, பின்னுக்குப் போயிற்று. ஜெயலட்சுமி அதை வேண்டுமென்று செய்யவில்லை. மூளைக்கு முன்னால் கை செய்துவிட்டது. தான் செய்ததை அவளே பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது. மறுபடி தட்டை நீட்ட முயன்றாள், முடியவில்லை. திரும்பி வேகமாகப் போனாள்.

ருக்குவின் விரல் நீட்டியபடியே இருந்தது.

அதை மெதுவாக மடியில் இறக்கிக்கொண்டாள். போகிற ஜெயலட்சுமியின் முதுகைப் பார்த்தாள். பக்கவாட்டுக் கதவருகே நின்ற மேஜரைப் பார்த்தாள். மேஜர் உடனே தலையைக் குனிந்துகொண்டார். கடைசியாகத் தாரணியைப் பார்த்தாள்.

"தாரணி."

தாரணி வாயைத் திறந்தாள்.

"சொல்லாதே" என்றாள் ருக்கு. குரல் மிகத் தாழ்ந்திருந்தது. "நீ சின்னப் பொண்ணு, சொல்லாதே. யாராவது வந்திருக்காங்களா? அதை மட்டும் சொல்லு."

"உங்க வீட்டு வாசல்ல இருக்காங்க, அக்கா."

ருக்கு நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். வளையல்கள் நாற்காலியின் இரும்பில் பட்டு ஒலித்தன. பின்வரிசையில் யாரோ ஒரு குழந்தைக்கு முறுக்கு உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அவங்க வாயால சொல்ற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். "நான் அவரு பொண்டாட்டியா வெளக்கேத்த வந்தேன். ஏத்திட்டுப் போறேன். உன் வேலை மேடையில தானே? போ."

"அக்கா, அவங்க..."

"போ கண்ணு. எனக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கு."

மேடைக்கு ஏறும் மூன்று படிகளில் தாரணிக்குக் கால் தடுக்கியது. அவள் வேலை ஒன்றுதான். மௌனம் முடிந்ததும் விளக்கேற்றத் தோதாக மெழுகுவத்தியைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு குத்துவிளக்கின் பக்கத்தில் நிற்க வேண்டும். கொளுத்தினாள். ஜெயலட்சுமி மேடையில் அவளுக்கு எதிரே வந்து நின்றாள். விளக்கை இனி அவள்தான் ஏற்றப் போகிறாள் என்று தெரிந்தது. "போகலையா அவ?" என்று உதட்டசைவில் கேட்டாள். தாரணி சுடரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேஜர் மணியை அடித்தார். "எல்லாரும் தயவுசெய்து எழுந்து நிற்கவும். நமக்காக உயிர் கொடுத்த வீரர்களுக்காக..." அவர் குரல் அங்கே உடைந்தது. வாக்கியத்தை முடிக்காமலே தலை குனிந்தார்.

மண்டபம் அடங்கியது. மின்விசிறிகளின் ஓசை மட்டும்.

அந்த ஓசைக்குள் கொலுசுச் சத்தம் கேட்டது.

ருக்கு நடந்து வந்துகொண்டிருந்தாள். அவசரமில்லாமல், முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு, படியேறினாள். மௌனத்தில் யாரும் அசையக் கூடாது. அசைந்தவள் அவள் ஒருத்திதான். சண்முகம் ஒலிபெருக்கியருகே நின்று விழித்தார். அவரால் கூப்பிட முடியவில்லை. எம்.எல்.ஏ. கை கட்டிக்கொண்டு நின்றார். மேஜர் தலை நிமிர்ந்து பார்த்தார், தடுக்கவில்லை.

ஜெயலட்சுமி மட்டும் கையை நீட்டினாள். மெழுகுவத்திக்காக. 'இங்கே கொடு' என்றது அவள் கண். அதில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. ஊர் முன்னால், மங்கல விளக்கை, இன்றைக்கு, இவள் கையாலா என்ற பயம். சின்ன வயசிலிருந்து பெரியவர்கள் கேட்டதை எடுத்துக் கொடுத்தே பழகிய தாரணியின் கை அந்தப் பக்கமாகத்தான் முதலில் நகர்ந்தது.

உருகிய மெழுகு விரலில் சொட்டிச் சுட்டது. அவள் கையைத் திருப்பி ருக்குவிடம் நீட்டினாள்.

ருக்கு வாங்கிக்கொண்டாள். விசிறிக் காற்றில் சுடர் படுத்தது. இன்னொரு கையால் அணைகட்டி, குனிந்து, முதல் திரியில் வைத்தாள். பற்றவில்லை. மறுபடி வைத்தாள். எண்ணெய் பொரிந்தது. திரி பிடித்துக்கொண்டது. அது நின்று எரிகிறதா என்று நிமிராமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயலட்சுமியின் நீட்டிய கை அப்படியே மேலே போய், இன்னொரு கையோடு சேர்ந்து, கும்பிட்டது.

மேஜர் மணி அடிக்கவில்லை. இரண்டு நிமிடம் எப்போதோ கடந்துவிட்டது. கூட்டத்தில் நெளிசல். யாரோ இருமினார்கள்.

"மணி அடிங்க சார்" என்றாள் ருக்கு மெதுவாக. "நான் போகணும்."

மணி அடித்ததும், ஒன்றும் தெரியாத கூட்டம் அவளுக்காகக் கை தட்டியது. பலமாக, நெடுநேரம். ருக்கு அந்தப் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். அந்தக் கைதட்டலைத் தாரணியால் தாங்க முடியவில்லை. பக்கத்தில் போய் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேஜர் தன்னுடைய பழைய பியட்டில் அவர்களை ஏற்றிக்கொண்டார். பின்னால் மண்டபத்தில் முதல் பாட்டு ஆரம்பித்திருந்தது. கார் ஏரியைச் சுற்றிப் போயிற்று. ருக்கு ஜன்னல் வழியாக ஒவ்வொரு கடையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். சந்து திரும்பியதும், "கொஞ்சம் நில்லுங்க சார், இங்கயே இறங்கிக்கறேன். உள்ள கார் திரும்பாது" என்றாள்.

வீட்டின் முன்னால் ஜீப் நின்றது. அக்கம்பக்கத்தார் வாசல்களில் சும்மா நிற்பதுபோல நின்றார்கள். இளவயது அதிகாரி ஒருவர் அவளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். ஏதோ சொல்ல வந்தார்.

ருக்கு கையைக் காட்டி நிறுத்தினாள்.

பூட்டைத் திறந்தாள். விளக்கைப் போட்டாள். கொடியில் காய்ந்த துணியைச் சுருட்டி உள்ளே எறிந்துவிட்டு, வீட்டில் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்து அதிகாரிக்குப் போட்டாள். மேஜர் வாசற்படியோடு நின்றுகொண்டார். சுவரில் சாய்ந்து, கால் மடித்துத் தரையில் உட்கார்ந்த ருக்கு, பக்கத்தில் தரையைத் தட்டித் தாரணியைக் கூப்பிட்டாள். அவள் உட்கார்ந்ததும் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பச் சொல்லுங்க சார்" என்றாள்.