லேயாளைப் பற்றிய பிரசங்கம்

போதகர் அன்று லேயாளைப் பற்றிப் பேசப்போகிறார் என்றதும் பெரியவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வேதாகமத்தில் அவளுக்கு மிகவும் வேண்டியவள் லேயாள். தங்கை ராகேலை விரும்பிய யாக்கோபுக்கு, அப்பா லாபான் ஏமாற்றிக் கட்டிவைத்த அக்கா. பெரியவளின் கதையும் கிட்டத்தட்ட அதுதான். தங்கையைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், மூத்தவள் இருக்கும்போது இளையவளை எப்படித் தருவது என்று அப்பா பேசிப் பேசியே ஆளை மாற்றிவிட்டார். மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை. இப்போது பிள்ளைகளே வேலைக்குப் போகிறார்கள். தங்கையை மட்டும் எல்லோரும் இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"நம்ம நடுவுலயே ஒரு லேயாள் இருக்காங்க. பேரு சொல்லமாட்டேன்," என்றார் போதகர். "அவங்க கணவருக்கு ஆபரேஷன் நடந்துச்சு. மயக்கம் தெளியும்போது அவர் கூப்பிட்டது மனைவியை இல்ல, மனைவியோட தங்கச்சியை. அந்தச் சகோதரி என்ன செஞ்சாங்க தெரியுமா? அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'இங்கதான் இருக்கேன்'னு தங்கச்சி மாதிரியே பதில் சொன்னாங்க. எப்பேர்ப்பட்ட பொறுமை, யோசிச்சுப் பாருங்க."

கதவைச் சாத்திய ஜெப அறையில், அழுதுகொண்டே, பெரியவள் போதகர் ஒருவரிடம் மட்டும் சொன்னது அது. அவள் கணவரின் ஆபரேஷனுக்காக இதே மேடையிலிருந்து பேர் சொல்லிச் சபை முழுவதும் ஜெபம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. முன்வரிசையில் பாப்பாவின் முதுகு விறைத்தது. பாப்பாவின் புருஷன் மனைவியைப் பார்த்தார்; அப்புறம் பின்னால் திரும்பிப் பெரியவளின் கணவரைப் பார்த்தார். கணவர் பாட்டுப் புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் அப்படிக் கூப்பிட்டேனா?"

"மருந்து மயக்கத்துல..."

"கூப்பிட்டேனா, இல்லையா?"

"கூப்பிட்டீங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்னு உனக்குத் தோணல. ஊர்கிட்ட சொல்லிட்ட."

"ஊர்கிட்ட சொல்லல. ஜெபம் பண்ணுங்கன்னு ஒரே ஒருத்தர்கிட்ட சொன்னேன்."

"அந்த ஒருத்தர் கையில மைக் இருக்குதே," என்றார் அவர்.

மறுநாள் வேலை முடிந்ததும் பெரியவள் போதகரின் அலுவலகத்துக்குப் போனாள். அவர் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆபரேஷன் அன்று முழு நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் கூடவே உட்கார்ந்திருந்தவர். அதனால்தான் அவரிடம் சொன்னாள்.

"நான் பேரே சொல்லலையே சிஸ்டர்."

"ஆபரேஷனுக்கு ஜெபம் பண்ணும்போது சொல்லிட்டீங்களே ஐயா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கூட்டம் முடிஞ்சு எத்தனை பேர் அழுதுகிட்டே வந்தாங்க தெரியுமா? உங்க சாட்சி அவங்களைத் தேத்தியிருக்கு."

"லேயாள் கதையை நாலு பேர் படிக்கும்போது அவ உயிரோட இல்ல. நான் இன்னும் அதே வீட்டுல, அதே மனுஷருக்குச் சமைச்சுப் போட்டுக்கிட்டு இருக்கேன்."

அவர் முகம் வாடியது. "அடுத்த வாரம் மேடையிலயே மன்னிப்புக் கேட்டுடறேன்."

"ஐயோ, வேண்டாம். புரியாதவங்க ரெண்டு பேர் மிச்சம் இருந்தா அவங்களுக்கும் புரிஞ்சிடும். பாப்பா வீட்டுக்காரரைப் போய்ப் பாருங்க. அவளுக்கு இதுல சம்பந்தம் இல்லன்னு சொல்லுங்க. அது போதும்."

"கண்டிப்பா போறேன்," என்றார். போகவில்லை.

அந்த வாரக் கடைசியில் பாப்பா சலவைக்கூடத்துக்கே வந்துவிட்டாள். ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில் பெரியவளுக்கு வேலை. இஸ்திரி இயந்திரத்தின் உருளைகளுக்கு நடுவிலிருந்து படுக்கை விரிப்புகள் சுடச்சுட வந்துகொண்டிருந்தன. கூட மடிப்பவள் சாப்பிடப் போயிருந்தாள். பாப்பா எதிர்முனையைப் பிடித்தாள். சேர்ந்து உதறினார்கள்.

"அவர் என்கூட பேசுறதே இல்லக்கா. 'உனக்கு முன்னாடியே தெரியுமா'ன்னு கேட்டாரு. தெரியாதுன்னேன். நம்பல."

"போதகர் வரலையா?"

"யாரும் வரல." பாப்பா விரிப்பை மடித்துக்கொண்டே அருகில் வந்தாள். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் உனக்கு யாரோவா?"

"எப்படிச் சொல்றது? உன்மேல கோவமா இருந்தேன். நீ ஒண்ணும் பண்ணலன்னு தெரியும். இருந்தாலும் கோவம்."

பாப்பாவின் கண் கலங்கியது. கையிலிருந்த முனையை மட்டும் விடவில்லை.

"இந்த வாரம் பூரா அந்த அதிகாரங்களைத்தான் திரும்பத் திரும்பப் படிச்சேன்," என்றாள் பெரியவள். "சண்டையைத்தான் எல்லாரும் சொல்றாங்க. ஒரு இடத்துல ராகேலும் லேயாளும் சேர்ந்து பேசுறாங்க. எங்களை அப்பா வித்துட்டாருன்னு ஒரே வாயா சொல்றாங்க. அதை வச்சு யாரும் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்ல."

"நம்ம அப்பா மட்டும் என்னவாம்," என்றாள் பாப்பா. இருவருக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த விரிப்பு வந்து விழுந்தது.

அன்று சாயங்காலமே பாப்பா வீட்டுக்குப் போவதென்று பெரியவள் முடிவு செய்தாள். செருப்பை மாட்டும்போது, "நானும் வர்றேன்," என்றார் கணவர். பிரசங்கம் கேட்டு வந்த நாளுக்குப் பிறகு அவராக வாய் திறந்தது அப்போதுதான்.

பாப்பாவின் புருஷன் கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. பெரியவள் பேச வாயெடுப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார்.

"தம்பி, மயக்கத்துல என் வாயிலதான் அது வந்துச்சு. என் மனசுல என்ன இருந்துச்சோ, அதுக்கு நான்தான் பொறுப்பு. பாப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. அவளைத் தண்டிக்காதீங்க."

பாப்பாவின் புருஷன் நிலையைப் பிடித்திருந்த கையை எடுத்தார். பிறகு விலகி, "உள்ள வாங்க அண்ணி," என்றார். கணவரைக் கூப்பிடவில்லை. கணவர் வாசலிலேயே நின்றார். உள்ளே பாப்பா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் புருஷன் அவளைப் பார்த்து, "அண்ணிக்கு டீ போடு," என்றார். முன்னாடியே தெரியுமா என்று கேட்டதற்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

திரும்பும்போது பஸ்ஸில் கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டார். தன் தவறு என்று வாசலில் நின்று சொன்னாரே, அது மனைவிக்காகவா, பாப்பாவுக்காகவா என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்கலாம்தான். கேட்டால் பொய் சொல்லமாட்டார். அதனால் கேட்கவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு மனதுக்குள் ஜெபம் செய்தாள். அவர் என்னை நேசிக்கும்படி செய்யும் என்று இத்தனை வருஷமாகக் கேட்டதை அன்று கேட்கவில்லை. நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். போதகர்மேல் இருந்த ஆத்திரத்தையும் சொன்னாள். இனி அவள் வீட்டு விஷயம் கர்த்தரைத் தவிர வேறு யார் காதுக்கும் போகப்போவதில்லை.