பரிசு வாங்கப் போன இளவரசன்

அவள் பல் மருத்துவமனை வரவேற்பாளர்; சிறகு முளைத்த இளவரசனின் மந்திரக் காதல் நாவல் தொடர் என்றால் அவளுக்கு உயிர். அண்ணன் விவாகரத்து வாங்கும்வரை, அண்ணியும் அவளும் ஒரே புத்தகத்தைப் பிடுங்கிப் பிடுங்கிப் படித்தது தெருவுக்கே தெரியும்.

இப்போது அந்தத் தொடரில் பண்டிகைச் சிறப்புக் குறுநாவல் வந்தது. உலகையே மீட்ட இளவரசன் கடைகடையாக ஏறிப் பரிசு வாங்குகிறான். காதலி அதற்குக் காகிதம் சுற்றுகிறாள். கதையே அவ்வளவுதான்! கூடச் சேர்ந்து திட்ட ஆள் வேண்டாமா? ரோஷத்தை மூட்டைகட்டிவிட்டு அண்ணிக்கே போன் போட்டாள்.

“அண்ணி, படிச்சீங்களா? சுத்த தண்டம்ல?”

முன்பென்றால், “எழுதினவ கையை உடைக்கணும்டி” என்று தொடங்கி, சோறு ஆறும்வரை பேசுவாள் அண்ணி.

“நல்லாத்தான் இருந்துச்சும்மா. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?”

“சௌக்கியம்தான்” என்று, நோயாளிகளிடம் பேசும் அதே இனிப்புக் குரலில் சொல்லிப் போனை வைத்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவளிடம் அம்மா காரணம் கேட்டபோது, புத்தகம் மோசம் என்றாளாம்.