பத்துப் பேரின் சம்மதம்

புனேயின் போபோடியில் பாட்சாவின் கடைக்கு ஒரு காலத்தில் வந்து இறங்கிய பத்திரிகைக் கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால், உச்சியில் உட்கார்ந்து மும்பைக் கடலில் கால் நனைத்திருக்கலாம். இப்போது வருவது ஒரே ஒரு கட்டு. சனிக்கிழமைதோறும் சென்னையிலிருந்து ரயிலில் வரும். உள்ளே ‘திசைச்சங்கு’ என்ற செய்தி வார இதழ், சரியாகப் பத்துப் பிரதி. எடை போட்டால் ஒரு பூசணிக்காய்க்குக் காணாது. ஆனால் ஸ்டேஷனிலிருந்து அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு பாட்சா பஸ் ஏறும் மிடுக்கைப் பார்த்தால், உள்ளே இருப்பது ராஜகுமாரன் என்று கண்டக்டரே எழுந்து இடம் கொடுத்துவிடுவார்.

கடை இப்போது மகன் அப்துல் ஹாதியின் கையில். செல்போன் ரிப்பேர், ரீசார்ஜ், உறை, சார்ஜர். வாப்பாவுக்கென்று மிஞ்சியது வாசலோரம் இரண்டடி: ஒரு ஸ்டூல், ஒரு மரத்தட்டு. அதற்கும் ஹாதி கெடு வைத்திருந்தான்.

“வாப்பா, கட்டு வர்ற வரைக்கும் இருங்க, நான் ஒண்ணும் சொல்லல. நின்னுச்சுன்னா அந்த எடத்துல ஷோகேஸ் வந்துரும். நீங்க வீட்ல ஆராம் பண்ணுங்க.”

“வீட்ல ஒங்க உம்மா இருக்காளே. அவ இருக்கையில எவனால ஆராம் பண்ண முடியும்?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் இப்படி ஓய்வெடுக்க வீட்டுக்குப் போன இரண்டு பேரை அவருக்குத் தெரியும். ஒருவர் நாலே மாதத்தில் மௌத்தானார். மற்றவர் மின்விசிறியோடு பேசிக்கொண்டிருக்கிறார். விசிறி இன்னும் பதில் சொல்ல ஆரம்பிக்கவில்லை என்பதுதான் குடும்பத்துக்கு ஒரே ஆறுதல்.

அந்தச் சமயத்தில்தான் சென்னை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வெளிமாநில முகவர்களுக்கு இனிமேல் பத்துப் பிரதிக்குக் குறைந்தால் கட்டு அனுப்ப இயலாது, வரும் புதன்கிழமை வாசகர்களை நேரடியாகத் தொலைபேசியில் அழைத்து விருப்பத்தைக் கேட்போம், எண்களை அனுப்பவும்.

பாட்சா பத்து எண்களையும் எழுதி அனுப்பினார். அவருடைய பத்து வாசகர்களின் வயதைக் கூட்டினால் மராட்டியப் பேரரசையும் தாண்டி அதற்கு முந்தைய சுல்தான்களிடம் போய் நிற்கும். ஏரவாடா நீலா டீச்சருக்கு வலது காது கேட்காது, இடது காது வேண்டும்போது மட்டும் கேட்கும். தாபோடி ஜெபகுமாரிடம் யாராவது “நல்லாயிருக்கீங்களா” என்று கேட்டால்கூட, பத்திரிகை எங்கே சோரம் போனது என்று ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம் விடமாட்டார். மற்றவர்கள் பாதித் தமிழில் தொடங்கி ஹிந்தியில் முடிப்பவர்கள். இவர்களைப் பேசவிட்டால் கட்டு நின்ற மாதிரிதான்.

ஆகவே மூன்று நாள் வீடு வீடாகப் போய்ப் பாடம் நடத்தினார்.

“அண்ணாச்சி, சென்னையிலேர்ந்து ஒரு பொண்ணு பேசும். என்ன கேட்டாலும் ‘ஆமாம்’னு ஒரே வார்த்தை. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசுனீரு, கட்டு போச்சு.”

“தலையங்கத்தப் பத்தி ஒரு ரெண்டு வார்த்தை?” என்றார் ஜெபகுமார் ஏக்கத்தோடு.

“செத்தாலும் கூடாது.”

“சரி பாய். ஒமக்காக நாக்கக் கட்டிப் போடுதேன்.”

நீலா டீச்சரை ஏழு முறை ஒத்திகை பார்த்தார். எட்டாவது முறை அவர் கேள்வி கேட்பதற்கு முன்பே டீச்சர் “ஆமாம்” என்றார். பாட்சாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

பத்தாவது ஆள் அனந்தராமன். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், முப்பது வருட வாசகர். நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்சிஜன் முகமூடியோடு படுத்திருந்தார். பாட்சா தினமும் போய்க் கட்டிலருகே நின்று துஆ கேட்டார். பார்த்த நர்சுகளெல்லாம் கூடப் பிறந்தவர் என்றே நினைத்தார்கள். யா அல்லா, இந்த மனுசனைப் புதன்கிழமை மத்தியானம் வரைக்குமாவது விட்டு வை என்பதுதான் அந்த துஆ என்று அவர்களுக்கு யார் சொல்வது?

புதன்கிழமை பதினொன்றரைக்கு அனந்தராமனின் போன் அடித்தது. பாட்சா பாய்ந்து எடுத்து அவர் காதில் வைத்து, முகமூடியை ஒரு விரலால் தூக்கிப் பிடித்தார்.

அந்தப் பக்கம் பெண்குரல் குயில் மாதிரி எதையோ சொல்லிக்கொண்டே போயிற்று. பாட்சா கண்ணால் ஜாடை காட்டினார்.

“ஆமாம்” என்றார் அனந்தராமன்.

குரல் இன்னும் நிற்கவில்லை. கேட்கக் கேட்க அனந்தராமனின் கண்கள் பெரிதாயின. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். பாட்சாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

“பாய்... அவா என்ன கேட்டான்னா... பாய்...”

“போதும் சாமி, போதும். பேசப்படாது. பிரமாதமாச் சொல்லிட்டீங்க!” முகமூடியை இறுக்கிப் போட்டுவிட்டார். ஓடி வந்த நர்ஸ் மராத்தியில் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்த வசவையும் பாராட்டுப் பத்திரம் போல வாங்கிக்கொண்டு பாட்சா படியிறங்கினார். மற்ற ஒன்பது பேரும் காலையிலேயே ‘ஆமாம்’ சொல்லியிருந்தார்கள்; பத்தும் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை காலை அனந்தராமன் இறந்துபோனார். பகல் முழுக்க அந்த வீட்டு வாசலில் பாட்சா நின்றார். அழுதார். பதினோராவது ஆளை எங்கே தேடுவது என்ற யோசனையும் நடுநடுவே வந்து போனது. அதற்காகவும் சேர்த்து அழுதார்.

தேட வேண்டியிருக்கவில்லை. திங்கட்கிழமை இன்னொரு கடிதம் வந்தது.

‘அன்புள்ள முகவருக்கு. அச்சுப் பிரதியை நிறுத்திக்கொண்டு, அதற்குப் பதிலாகக் கைபேசிப் பதிப்பைப் பெறச் சம்மதமா என்று கேட்டதற்குத் தங்கள் வாசகர்கள் பத்துப் பேரும் ஒருவர் பாக்கியின்றிச் சம்மதம் தெரிவித்துள்ளனர். வேறெந்த ஊரிலும் பாதிப் பேர்கூட ஒப்புக்கொள்ளாத நிலையில், நூற்றுக்கு நூறு தந்த ஒரே ஊர் புனே என்பதைப் பெருமையுடன் தெரிவிக்கிறோம். வரும் சனிக்கிழமை முதல் கட்டு வராது. நன்றி.’

பாட்சா அதை நின்றுகொண்டு படித்தார், உட்கார்ந்து படித்தார். அனந்தராமன் சட்டையைப் பிடித்து இழுத்த இடத்தை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கு மட்டும்தான் கேள்வி முழுசாகக் காதில் விழுந்திருக்கிறது. அவருடைய வாயைத்தான் தன் கையாலேயே மூடினார்.

அன்றே பஸ் பிடித்து தாபோடிக்கு ஓடினார்.

“அண்ணாச்சி, ஒரு போன் போடும். தெரியாம ஆமாம்னு சொல்லிட்டேன், எனக்குப் புத்தகமாத்தான் வேணும்னு சொல்லும்.”

ஜெபகுமார் கட்டிலில் சாய்ந்து போனை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். “இங்க பாரும் பாய். ரெண்டு வெரலால இப்படி விரிச்சா எழுத்து யானை மாதிரி ஆகுது. கண்ணாடியே வேண்டாம். அதோட, கீழ நம்ம கருத்தையும் எழுதலாமாம். காலையிலேர்ந்து பதினாலு எழுதிட்டேன்!”

“அப்போ கட்டு?”

“நீரும் பாவம், இந்த வயசுல எதுக்குத் தூக்கிச் சுமக்கணும்? ஒம்ம நல்லதுக்குத்தான் சொல்லுதேன்.”

மீதி எட்டு வீட்டிலும் ஏறி இறங்கினார். எட்டு வீட்டிலும் டீ கொடுத்தார்கள். எட்டுப் பேரும் அவர் நல்லதுக்குத்தான் சொன்னார்கள்.

சனிக்கிழமை ஷோகேஸ் வந்தது. பளபளவென்று, உள்ளே விளக்கு வைத்து, பாட்சாவின் இரண்டடியையும் தாண்டி நடைபாதை வரைக்கும் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. ஹாதி ஒன்றும் கடுமையாகப் பேசவில்லை. “வீட்டுக்குப் போங்க வாப்பா, நான் ரிக்‌ஷா பிடிச்சுத் தாரேன்” என்றான். பாட்சா போகவில்லை. வாசலுக்கு வெளியே நின்றார். அடுத்த நாளும் வந்து நின்றார்.

நாலாம் நாள் நீலா டீச்சர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். பாட்சாவின் முகம் மலர்ந்தது.

“வாங்க டீச்சர்!”

“ஹாதி இருக்கானா பாய்? இது பாதிப் பக்கத்துல நின்னு சுத்திக்கிட்டே இருக்கு.”

அவர் நீட்டிய போனை பாட்சா வாங்கிப் பார்த்தார். வெள்ளைத் திரையில் ஒரு சிறு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டார். வட்டம் அவரைச் சட்டை செய்யவில்லை. திருப்பிக் கொடுத்தார்.

“உள்ள இருக்கான்.”

அரை நிமிடம்கூட ஆகவில்லை. டீச்சர் வெளியே வந்தபோது மூக்கு திரையில் ஒட்டியிருந்தது, உதடு அசைந்துகொண்டிருந்தது. பாட்சாவைத் தாண்டி, படித்துக்கொண்டே பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தார்.

“வாப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கஸ்டமர் வாராங்க” என்றான் ஹாதி.

பாட்சா ஓரடி தள்ளி நின்றார். அது பக்கத்துக் கடையின் வாசல். அந்தக் கடைக்காரன் புதியவன். தலையைத் தூக்கி, என்ன வேண்டும் என்று ஹிந்தியில் கேட்டான்.