முன்மாதிரிப் பயிற்சி மாணவி

பம்புத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் ‘வால்வு’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஓடுகிற பம்பின் மேல் உள்ளங்கையை வைத்தால் போதும், கசிகிற வால்வு எது என்று சொல்லிவிடுவாள். கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வந்தவள். “எம் பொண்ணு மாதிரி” என்று முதலாளி போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பெற்ற பெண்ணுக்கு மட்டும் ஏசி அறையில் நாற்காலி போட்டிருந்தார் என்பது வேறு விஷயம்.

அவளை அங்கே சேர்த்துவிட்டவர் சித்தப்பா. கல்லூரியில் பயிற்சித் திட்ட ஒருங்கிணைப்பாளர். பதவிக்கு ஏற்ற தொண்டைக் கனைப்பும் உண்டு. அரசு மானிய ஒப்பந்தத்தின் சாரம் எளிது. மாணவியாக இருக்கும்வரை பாதிச் சம்பளத்தை அரசு கொடுக்கும். தேறிவிட்டால் முழுச் சம்பளமும் முதலாளி தலையில். படிப்பை முடித்த மறுநாளே வேலை நிரந்தரம் என்று சித்தப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

எல்லாப் பாடத்திலும் தேறினாள். பயிற்சி அறிக்கைக்குச் சித்தப்பா போடவேண்டிய மதிப்பெண் மட்டும் வரவில்லை. ‘ஆழம் போதவில்லை’ என்று திருப்பினார். ஆழப்படுத்தினாள். பிறகு அகலம் போதவில்லை என்றார். கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். அவள் மட்டும் என்றும் மாணவியாக இருந்தாள்.

ஒப்பந்தம் புதுப்பிக்கும் விழாவில் அவளுக்கு ‘முன்மாதிரிப் பயிற்சி மாணவி’ கேடயம். மேடைக்குப் பின்னால் முதலாளி பூரித்துப்போய்ச் சொன்னார்:

“உங்க சித்தப்பா கெட்டிக்காரர்மா. இன்னும் ஒரு வருஷம் உன்னை மாணவியாவே வெச்சிருக்கறதாச் சொல்லிட்டார்.”

அவளுக்கும் தெரியும் என்றே நினைத்திருந்தார், பாவம்.

கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்த சித்தப்பாவிடம் போய் நின்றாள். அவர் மழுப்பவில்லை. எல்லாம் அவள் நல்லதுக்குத்தானாம். தேறிவிட்டால் முதலாளி வேறொரு மாணவியைப் பிடித்துக்கொள்வாராம், இவள் நடுத்தெருவில் நிற்பாளாம்.

“அப்போ நிரந்தரம்னு சொன்னீங்களே?”

“இதுதாம்மா நிரந்தரம்.”

மேடையில் அரசு அதிகாரி இளைஞர் சக்தியைப் பற்றி மூச்சு வாங்கப் பேசி முடித்துக் கேடயத்தைக் கொடுத்தார். அவள் அதை வாங்கிய கையோடு, ஓரத்தில் நின்ற சித்தப்பாவிடம் நடந்துபோய் அவர் கையில் திணித்தாள்.

“ஆழம் போதல, சித்தப்பா. நாளைலேருந்து நான் வரல. உங்களுக்கும் மாணவி கெடையாது, முதலாளிக்கும் கெடையாது.”

மெதுவாகத்தான் சொன்னாள். குருவுக்குக் காணிக்கை என்று நினைத்த அதிகாரி நெகிழ்ந்து எழுந்து கைதட்டினார். அரங்கமும் எழுந்தது. அவள் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். கேடயத்தைக் கீழே வைக்கவும் முடியாமல் சிரிப்பை நிறுத்தவும் முடியாமல் சித்தப்பா நின்றார்.